சர்க்கரை இணைப்பில் விட்டுப்போன பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த நவம்பர் 14 அன்று தங்கள் நாளிதழோடு வந்த நான்கு பக்க நீரிழிவு இணைப்பை எங்கள் வீட்டில் மூன்று பேர் பங்கு போட்டுப் படித்தோம். மூன்று பேருக்கும் சர்க்கரை உண்டு என்பதால் தாளுக்குப் போட்டி அதிகம். முதல் பக்கத்தில், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் படம். அவர் பிறந்த நாளைத்தான் நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள் என்பது, 1921 கோடையில் டொரண்டோவில் அவரும் அவருடைய உதவியாளர் பெஸ்ட்டும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள், 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தாம்ப்சனுக்குப் போட்ட ஊசி, காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது எல்லாம் நன்றாக வந்திருந்தன. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, காலிப் என்ற வேதியியல்காரர் சுத்தம் செய்து கொடுத்த மருந்தை 12 நாள் கழித்துப் போட்டபோதுதான் பையன் தேறினான் என்பதை விட்டுவிட்டீர்கள். சரி, அது போகட்டும்.

நான் எழுத வந்தது வேறு குறை. நான்கு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், ரத்தத்தில் ஓடும் இன்சுலினை அளக்க வழி கண்டுபிடித்த ரோசலின் யாலோ பெயர் இல்லை.

கடிதம் எழுதுகிறவளுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றும், அதனால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 66 வயது. ஊர் கவுந்தப்பாடி. ஈரோட்டில் ஒரு தனியார் லேப்பில் 1981 முதல் 34 வருடம் டெக்னீசியனாக இருந்தேன். லேப் என்றால் இப்போது இருப்பது போல ஏசி போட்ட கண்ணாடி அறை இல்லை. ஒரு கிளினிக்கின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடம். சிறுநீர்ச் சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல்: 5 மில்லி நீலக் கரைசலில் 8 சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினால், சர்க்கரைக்குத் தகுந்தபடி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். ரத்தச் சர்க்கரைக்கு அசிட்டிக் அமிலம் கலந்த ஒரு மருந்தைச் சேர்த்துக் கொதிநீரில் வைக்க வேண்டும். சாயங்காலம் கவுந்தப்பாடி பஸ்ஸில் ஏறும்போது என் சேலையெல்லாம் காடி வாடை அடிக்கும்.

எங்கள் ஐயன் (அப்பா) கரும்பு ஆலை வைத்திருந்தவர். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரைதான் போகிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். "வெள்ளைச் சர்க்கரை திங்கறவனுக்குத்தான் அந்த நோவு வரும் சாமி, நாம காச்சறதுக்கு வராது" என்பது அவருடைய கட்சி. ராத்திரி நாலு தடவை எழுந்து வெளியே போகிறார், கால் விரல் புண் ஆற மாட்டேன் என்கிறது, ஆனாலும் அதே கட்சிதான். 1982 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு சோதனைக் குழாயும் பெனடிக்ட் பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆலைக் கொட்டகையிலேயே காய்ச்சிக் காட்டினேன். கொப்பரையில் பாகு பதம் பார்த்தே வயதானவருக்கு நிறம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கல் நிறம் வந்ததும் ஒன்றும் பேசாமல் போய்க் களத்துமேட்டில் உட்கார்ந்துகொண்டார்.

(தங்கள் இணைப்பின் மூன்றாம் பக்கத்தில், சர்க்கரை நோயாளிகள் காபிக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகர் குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ச் சரக்கு நாலு மூட்டை கூட விற்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதிலும் பெரும்பங்கு, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். சாமிக்குப் போவதை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.)

சர்க்கரையை இப்படி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தே அளந்துவிடலாம். ஒரு மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிகிராம் இருக்கும். அந்தச் சர்க்கரையை ஆட்டிவைக்கும் இன்சுலின் இருப்பதோ அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தைராய்டை ஆட்டிவைக்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனும் அதே போலச் சொற்பம்தான். கொதிக்க வைத்து நிறம் பார்க்கிற சங்கதியெல்லாம் அங்கே எடுபடாது. பான்டிங் இன்சுலினைக் கண்டுபிடித்து முப்பது வருடத்துக்கு மேலாகியும், ஒரு மனிதனின் ரத்தத்தில் அது எவ்வளவு ஓடுகிறது என்று நேராக அளந்து சொல்லத் தோதான வழி உலகத்தில் இல்லை. அந்த வழியைப் போட்டவர்தான் நான் சொல்கிற அம்மா.

அவரை எனக்குத் தெரியவந்த கதை எங்கள் குடும்பக் கதை.

1978 ஐப்பசியில் என் அக்காவுக்குப் பையன் பிறந்தான். வீட்டில் ராசு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது எடை குறைவில்லை, மூக்கும் முழியுமாக இருந்தான். அழவே மாட்டான். பால் கொடுக்கவும் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். வந்தவர்களெல்லாம் "தங்கமான கொழந்தை, ஆத்தாளைத் தொந்தரவே பண்றதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது, வெயிலில் காட்டினார்கள். நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போவான், வெற்றிலைக் காம்பு வைத்தார்கள். தொப்புள் புடைத்திருந்தது, எட்டணாக் காசு வைத்துக் கட்டினார்கள். நாக்கு தடித்து வெளியே தெரிந்தது. மாந்தம் என்றார்கள், உரை மருந்து கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள் என்று சொல்லி டானிக் எழுதிக்கொடுத்தார். மூன்று வயதுக்கு மேல்தான் ராசு நடந்தான். நாலரை வயதில் அவன் பேசியது மொத்தம் ஆறேழு வார்த்தை.

1983-ல் ஒரு மத்தியானம் லேப்பில் வேலை இல்லாத நேரம். என் டிப்ளமோ பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தைராய்டு பாடத்தில் ஒரு படம்: ஊதிய முகம், வெளியே துருத்திய நாக்கு, புடைத்த தொப்புள். பரீட்சைக்காக அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது ராசுவாகத் தெரிந்தது. வாரத்தில் ஆறு நாள் ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறவளுக்கு அக்கா பிள்ளை கண்ணில் படவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்த வாரமே ஈரோட்டில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினோம், அக்கா, மாமா, நான், ராசு. வேலூரில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாலைந்து நாள். சத்திரத்தில் தங்கியிருந்தோம். வந்த சீட்டில் டி.எஸ்.எச். 100-க்கும் மேல் என்று போட்டிருந்தது. ஐந்துக்குள் இருந்தால் சரி என்பார்கள். பக்கத்தில் "முறை: ஆர்.ஐ.ஏ." என்று ஒரு சொல். ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்பதன் சுருக்கம், கதிரியக்கத்தை வைத்து அளக்கிற முறை. நானும் லேப்காரி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஒரு டெக்னீசியன் அக்கா உள்ளே கூட்டிப்போய்க் கதிர்களை எண்ணும் இயந்திரத்தைக் காட்டினார். "இந்த முறையைக் கண்டுபிடிச்சது ஒரு பொம்பளைம்மா. டாக்டருக்குப் படிச்சவங்க இல்லே, பிசிக்ஸ். ஆறு வருஷத்துக்கு முன்னால நோபல் குடுத்தாங்க" என்றார். அங்கேயே நின்று பெயரைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் 1921-ல் பிறந்தவர். பான்டிங்கும் பெஸ்ட்டும் டொரண்டோவில் நாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே கோடைகாலம். அப்பா அம்மா இருவரும் உயர்நிலைப் பள்ளிகூடப் பார்க்காதவர்கள். பெண் வாத்தியாரம்மா ஆனால் போதும் என்று இருந்தார்கள். இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், ஒரு விஞ்ஞானியிடம் செயலாளராகச் சேர்ந்து சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டார். அங்கே பொறியியல் கல்லூரியின் ஆசிரியர்கள் 400 பேருக்கு நடுவில் இவர் ஒருவர்தான் பெண். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஐயன் என்னையும் டைப்ரைட்டிங் ஹையருக்கும் ஷார்ட்ஹேண்டு லோயருக்கும்தான் அனுப்பினார். என் புத்தகத்தை நான் கிழிக்கவில்லை, எடைக்குப் போட்டேன்.

பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைதான் அவருக்கு முதல் ஆய்வகம். (மாடிப்படிக்குக் கீழே இருந்தவளுக்கு இதில் ஒரு திருப்தி.) 1950-ல் சாலமன் பெர்சன் என்ற டாக்டர் வந்து சேர்ந்தார். இருவரும் இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஒட்டி ஊசியாகப் போட்டு, அது உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் உடம்பு இன்சுலினை வெகு சீக்கிரம் அழித்துவிடுகிறது என்று அப்போது ஒரு கருத்து இருந்தது. இவர்கள் பார்த்தது நேர்மாறு: ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுப் பழகியவர்களின் ரத்தத்தில் அது அதிக நேரம் தங்கியது. அந்நாளில் ஊசி மருந்து மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது. அதற்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று எழுதி அனுப்பினார்கள். இன்சுலின் போன்ற சின்னப் புரதத்துக்கு ஆன்டிபாடி உண்டாகாது என்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்த பிறகுதான் 1956-ல் கட்டுரை வந்தது. திருப்பி அனுப்பிய கடிதத்தை அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்து, 1977-ல் நோபல் உரையில் எல்லோருக்கும் காட்டினார். தாங்கள் வெளியிடாத என் முந்தைய இரண்டு கடிதங்களின் நகலும் என்னிடம் இருக்கிறது. பயப்பட வேண்டாம், எனக்கு அப்படி மேடை எதுவும் கிடைக்கப் போவதில்லை.

அந்த ஆன்டிபாடியையே அளவுகோலாக்கியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். லேப்புக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் சொல்லித்தருவேன். பந்தியில் 100 இலை போட்டிருக்கிறது. நம் ஆட்கள் 100 பேருக்குச் சிவப்புத் துண்டு கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். வெளியிலிருந்து எத்தனை விருந்தாளி வந்தார்கள் என்று தெரியாது, அவர்களை எண்ணவும் முடியாது. எல்லோரையும் ஒன்றாக உள்ளே விடு. அடித்துப் பிடித்து உட்கார்ந்த பிறகு, இலையில் எத்தனை சிவப்புத் துண்டு இருக்கிறது என்று மட்டும் எண்ணு. துண்டு குறையக் குறைய வந்த விருந்தாளி அதிகம். இலைதான் ஆன்டிபாடி, சிவப்புத் துண்டுக்காரர் கதிரியக்கம் ஒட்டிய இன்சுலின், விருந்தாளி நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் இன்சுலின். இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண் மட்டும், "பந்தியில இடம் கெடைக்காதவங்க சண்டைக்கு வந்தா என்னக்கா பண்றது?" என்று கேட்டாள். அவள் இப்போது பெருந்துறையில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாள்.

1960-ல் யாலோவும் பெர்சனும் மனித ரத்தத்தில் இன்சுலினை அளந்து எழுதினார்கள். நடுவயதில் சர்க்கரை வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் போகவில்லை, மற்றவர்கள் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும்கூட இருக்கிறது, உடம்புதான் அதற்குக் கட்டுப்படவில்லை என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது. தங்கள் இணைப்பின் இரண்டாம் பக்கத்தில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு கட்டம் போட்டு விளக்கியிருக்கிறீர்களே, அந்த இரண்டாவது கட்டத்துக்கு உயிர் கொடுத்தது இந்த அளவுதான். எங்கள் ஐயனுக்கும் அந்த வகைதான். வாயைக் கட்டி, தினமும் கீழ்பவானி வாய்க்கால் கரையில் நடந்து, மாத்திரையோடு 19 வருடம் இருந்தார்.

இந்த முறைக்கு யாலோவும் பெர்சனும் காப்புரிமை வாங்கவில்லை. பான்டிங் ஒரு டாலரைப் பற்றி எழுதியபோது இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பெர்சன் 1972-ல் இறந்துவிட்டார், அதனால் நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த அம்மா தன் ஆய்வகத்துக்கே அவர் பெயரை வைத்து, பிறகு எழுதிய கட்டுரைகளிலும் அந்தப் பெயர் வரும்படி பார்த்துக்கொண்டார். இன்று லேப்களில் கதிரியக்கம் பெரும்பாலும் போய், ஒளியை அளக்கிற இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் ஆன்டிபாடியை வைத்து ஹார்மோனைப் பிடிக்கிற அடிப்படை அவர்கள் போட்டதுதான். எங்கள் வீதியில் 11 வீடு. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிற பெண்கள் 5 பேர். அளவு பார்த்துத்தான் அந்த மாத்திரையைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.

இனி ராசு விஷயம். வேலூரில் தைராக்சின் மாத்திரை ஆரம்பித்த ஆறு மாதத்தில் முகம் வற்றியது, நாக்கு உள்ளே போனது, உயரம் கூடியது. அறிவு மட்டும் பிடிக்க வேண்டிய காலத்தில் பிடிக்காமல் போய்விட்டது. "பிறந்த உடனே தெரிஞ்சிருக்க முடியுமாங்க?" என்று அக்கா கேட்டாள். வேலூர் டாக்டர் பூசி மெழுகவில்லை. கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1970-களின் நடுவிலேயே பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைத் தாளில் சொட்டவிட்டு ஆர்.ஐ.ஏ. முறையில் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், இங்கே இன்னும் வரவில்லை என்றார். அக்கா மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. காட்பாடியிலிருந்து ஈரோடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அது 1983. இன்று இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைக்கு ஒன்று தைராய்டுக் குறையோடு பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் கொஞ்சம் காப்பாற்றிவிடுவதால் பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் குத்தி எடுக்கிற சில சொட்டு ரத்தம் போதும். பிறந்தவுடனே டி.எஸ்.எச். தானாகவே ஏறி இறங்கும் என்பதால்தான் இரண்டு நாள் காத்திருப்பது. தொப்புள்கொடி ரத்தத்திலும் பார்க்கலாம். குறை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும். விலை உயர்ந்த மருந்தும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள்.

இந்த வருடம் பங்குனியில் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குத் தனியார் மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த கோப்பை வாங்கிப் பார்த்தேன். பில் மட்டும் ஒன்பது பக்கம். தடுப்பூசி, ரத்த வகை எல்லாம் இருக்கிறது. டி.எஸ்.எச். இல்லை. கேட்டேன். "பாப்பா நல்லா ஆக்டிவா இருக்குதுங்களே, எதுக்குங்க?" என்றார் நர்ஸ். எங்கள் ராசுவும் இப்படித்தான் இருந்தான் அம்மிணி, எடுத்துவிடு என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது, அளவுக்குள் இருந்தது. குழந்தையின் அமுச்சிக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான், சும்மா இருந்த பிள்ளையைக் குத்த வைத்துவிட்டேனாம்.

ராசுவுக்கு இப்போது 47 வயது. என் அக்காவோடுதான் இருக்கிறான். எட்டு ஆடு வைத்திருக்கிறான், எட்டும் வந்துவிட்டதா என்று எண்ணுவான், அதற்கு மேல் எண்ண வராது. மணி பார்க்கத் தெரியாது. காலையில் பால் சொசைட்டி வண்டி ஹாரன் அடித்ததும் தைராய்டு மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான். ஒரு நாள் தவறியதில்லை. பிறகு அக்காவின் சர்க்கரை மாத்திரையை எடுத்து நீட்டுவான். நான் போனால் எனக்கும் ஒன்று நீட்டுவான், சின்னம்மாவுக்கும் சர்க்கரை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 14 குழந்தைகள் தினமும்கூட. அடுத்த வருடம் தாங்கள் இணைப்புப் போடும்போது, யாலோ அம்மாவின் படத்தை ஒரு ஓரமாகவாவது போட்டு, அதற்குக் கீழே "குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்" என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால், இந்த முறை போட்ட நாட்டுச் சர்க்கரைக் குறிப்பை எடுத்துவிடுங்கள், அளவு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்